பதினாறு போட்டு எட்டு காட்டிய பெட்டி

ஹட்டன் டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை செய்கிற மனிதருடைய வேலை என் வாயால் போக இருந்தது. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. இதை எழுதச் சொன்னது என் மகள்தான். "பேசுன வாயாலயே திருப்பிச் சொல்லிட்டீங்க, சரி. எழுதியும் வைங்கப்பா. அடுத்த தடவ சத்தம் போடுறதுக்கு முன்ன எடுத்துப் படிச்சுப் பாக்கலாம்" என்றாள். நான் ஒன்பதாம் ஆண்டு வரைதான் படித்தேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்கிறேன். மனைவி மலையில் கொழுந்து பறிக்கிறாள். எங்களுக்குச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், தராசிலிருந்து வருகிறது என்பேன். பறித்த கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு வெட்டு, ஈரத்துக்கு என்று ஒரு வெட்டு. நல்ல வெயில் நாளிலும் ஈரத்துக்கு வெட்டுவார்கள். மனைவி தினமும் வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைக்கும்போது, "நான் பறிச்சது பதினெட்டு. போட்டது பதினஞ்சு. முதுகுல தூக்குனவளுக்குத் தெரியாதா?" என்பாள். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். அதனால், அளந்து கொடுக்கிறவன் எவனாக இருந்தாலும் அவன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது எங்களுக்குப் பழகிப்போனது.

மகள் எங்கள் தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். வயது இருபத்தொன்று. அந்தப் பிள்ளைக்குக் கேம் என்றால் உயிர். ஃபோனில் ஐந்து பேர் சேர்ந்து கோட்டை பிடிக்கிற விளையாட்டு. வலப்பனைப் பக்கம் இரண்டு பேர், கண்டியில் இரண்டு பேர், இவள் ஒருத்தி. முதலில் எனக்கு அதிலும் சந்தேகம். ஒரு நாள் அவள் உள்ளேயிருந்து "பின்னால வாறான், பின்னால வாறான்" என்று கத்தியதும், கையில் விறகுக் கட்டையோடு எங்கள் லயத்தின், அதுதான் தோட்டத்து வரிசை வீடுகளின், பின்பக்கம் ஓடியவன் நான். அங்கே பக்கத்து வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஃபோன் சூடேறி அடிக்கடி அணைந்துபோனது. சீட்டு எடுத்த காசில் கொம்பியூட்டர் வாங்கப் போகிறேன் என்றாள். அவள் உழைத்த காசு. நான் மறுக்கவில்லை. ஆனால் கூடவே போனேன்.

கடை முதலாளி முஸ்லிம் மனிதர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். மகள் விளையாட்டுக்கு வேண்டிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று கேட்டாள். படத்தைத் திரையில் ஓட்டுவது அந்தக் கார்ட்தானாம்.

"கார்ட் ஒன்னுமில்ல மகள். கொழும்புலயும் இல்ல" என்றார் நானா.

"கொழும்புல இல்லாட்டி வேற எங்க இருக்கு?" என்றேன் நான்.

"எங்கயும் இல்லண்ணே. உலகம் பூரா தட்டுப்பாடு. வெளிநாட்டுல அத நூறு, எறநூறுன்னு வாங்கி மாட்டி வச்சுக் காசு தோண்டுறானுங்களாம்."

"காசு தோண்டுறானுங்களா? கார்ட வச்சா?"

மகள் என் முழங்கையைக் கிள்ளினாள். "அப்பா, அது கொம்பியூட்டர் காசு. வீட்டுல போய்ச் சொல்றேன்."

பால்மா இல்லை என்று சொன்ன கடையில், வேண்டியவர்களுக்கு மட்டும் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததைப் பார்த்தவன் நான். செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து அந்த மேசைக்குக் கீழேயும் பார்த்தேன். வயர்ச் சுருளும் ஒரு பூனையும் இருந்தன.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மஸ்கெலியாப் பக்கத் தோட்டம். கொழும்பில் இதே வேலை பார்த்துவிட்டு, கொரோனா காலத்தில் ஊருக்குத் திரும்பியவர். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மெதுவாகப் பேசுவார். மெதுவாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம்.

"தங்கச்சி, கார்ட் வரும்னு காத்திருந்தா வருசம் ஓடிடும். இந்த ப்ரோசசர எடுங்க. படம் காட்டுற பகுதி இதுக்குள்ளயே இருக்கு. கார்ட் மாட்டுற எடம் சும்மா இருக்கட்டும், வந்த பொறகு மாட்டிக்கலாம். ஆனா இதுக்குத் தனியா மெமரி கெடையாது, ரேமுல இருந்துதான் எடுத்துக்கும். அதனால ரேம் ரெண்டு போடணும். எட்டு ஜிபியும் எட்டு ஜிபியும் பதினாறு. ரெண்டும் சேந்து ஓடுனாத்தான் கேம் தடங்கலில்லாமப் போகும்."

மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் விடவில்லை. "உள்ள இருக்குன்னா எங்க? காட்டுங்க பாப்போம்."

"அது பாக்க ஏலாதுண்ணே. சில்லுக்குள்ள இருக்கு."

பிறகு அந்த ப்ரோசசர்ப் பெட்டியின் முத்திரையை வெட்டி, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கடையின் பின்னறைக்குப் போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். ஏன் உள்ளே கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். ஓட்டிப் பார்த்துக் கொடுப்பதுதான் வழக்கம், பதினாறும் காட்டியது என்றார். நானோ முத்திரை வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவரே பூட்டித் தருவதாகச் சொன்னார். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் தன் கையால் பூட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாக வீடியோ பார்த்து வைத்திருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது, "பாக்க முடியாதத வித்துட்டான் பாத்தியா" என்றேன்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம யாரப் பாத்துக் கும்புடுறீங்க? அப்ப மட்டும் கண்ணுக்குத் தெரியணும்னு கேக்குறீங்களா?"

"ஆத்தாவ இதுல இழுக்காத. ஆத்தா கட வச்சு யாவாரம் பண்ணல."

முன்சீட்டில் இருந்தவர் திரும்பிச் சிரித்தார்.

இப்போது சொல்லப் போவதுதான் என் தவறு. மறுநாள் வெள்ளிக்கிழமை. மகள் முன்பள்ளிக்குப் போயிருந்தாள். எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும், அது மின்விசிறியோ அரிசிப் பானையோ, மாரியம்மன் படத்துக்கு முன் வைத்துச் சந்தனம் தொட்டு வைத்து, சூடம் காட்டித்தான் எடுப்போம். எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக வைத்தேன். பெட்டிக்கு வைத்தால் போதுமா, சாமானுக்கல்லவா வைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் திறந்தேன். ப்ரோசசர் ஒரு பிஸ்கட் அளவுகூட இல்லை. ஒரு பக்கம் வெள்ளிபோல் இருந்தது, அதில் எழுத்து. மறுபக்கம் முழுக்கத் தங்கப் புள்ளிகள். எழுத்து இருப்பது முதுகு, பொன் நிறம்தான் முகம் என்று நினைத்தேன். சின்ன விரல் நுனியால் அந்தப் பொன் புள்ளிகளின் நடுவில் ஒரு சொட்டுச் சந்தனம் வைத்தேன். குங்குமம் கறையாகும் என்று வைக்கவில்லை. சூடம் காட்டி, "தாயே, பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியது, நல்லபடியாக ஓடட்டும்" என்று மனசார வேண்டினேன். காய்ந்த பிறகு வேட்டி நுனியால் துடைத்து, இருந்தபடியே மூடி வைத்தேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? வழக்கமாகச் செய்கிற காரியம்.

அதன் பிறகு நான் பேசியதெல்லாம் இதை மறந்துவிட்டுப் பேசியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகள் பூட்டினாள். மூன்று மணி நேரம். திரை வெளிச்சமானதும் மனைவி கைதட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்கூட வந்து பார்த்தார். மகள் மட்டும் முகம் சுருங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி?"

"பதினாறு போட்டிருக்கேன். எட்டுத்தான் காட்டுது."

ரேமைக் கழற்றினாள், மாற்றினாள், இடம் மாற்றினாள். எட்டு. கேமைப் போட்டால் ஆட்கள் நொண்டி நொண்டி நடந்தார்கள்.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அங்கயும் வெட்டிட்டானா?"

எனக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

மகள் ரேமைக் கொண்டுபோய்க் காட்டி வேறு வாங்கி வந்தாள். மஸ்கெலியாக்காரர் பேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தாராம். கள்ளன்தானே கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுப்பான் என்று நான் சொன்னேன். புது ரேம் போட்டும் எட்டு. அப்படியானால் ரேமில் இல்லை, அந்த முத்திரை வெட்டிய பெட்டியில்தான் விஷயம் இருக்கிறது, புதுசை வைத்துக்கொண்டு பழசைத் தந்துவிட்டான் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

"அப்பா, தெரியாம ஒருத்தரச் சொல்லாதீங்க. பொறுமையாக் காட்டிக் கேளுங்க" என்று மகள் சொன்னாள். அவளுக்கு அதற்கு மேல் லீவு இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை தொழிற்சாலையில் எனக்கு லீவு. காலையில் கோயிலுக்குப் போய், "தாயே, கள்ளனைக் காட்டிக் கொடு" என்று கும்பிட்டு, நெற்றி நிறையச் சந்தனம் வைத்துக்கொண்டு, கொம்பியூட்டர்ப் பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்தபடி பஸ்ஸில் போனேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். நான் பொறுமையாகப் பேசவில்லை.

"நானா, ஒங்க கடைல பதினாறு குடுத்தா வீட்டுக்குப் போனதும் எட்டாயிடுது. என்ன வித்த இது?"

"சத்தம் போடாதீங்கண்ணே. என்ன விசயம்?"

"இவரக் கேளுங்க. புதுப் பெட்டிய உள்ள கொண்டு போனாரே, என்னத்த மாத்துனாருன்னு கேளுங்க. எங்க தோட்டத்துல இன்னும் ஏழெட்டுப் பேரு வாங்க இருக்காங்க. நான் போய்ச் சொன்னா ஒருத்தன் இந்தப் படி ஏற மாட்டான்."

மஸ்கெலியாக்காரர் பெட்டியைத் திறந்தார். விசிறியைக் கழற்றி, ப்ரோசசரைத் தூக்கித் திருப்பி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் லேசாகச் சுரண்டி மூக்கருகே கொண்டு போனார். பிறகு நிமிர்ந்து என் நெற்றியைப் பார்த்தார்.

"என்ன?" என்றார் நானா.

"கீழ்ப்பக்கம் ஏதோ ஒட்டியிருக்கு நானா. சுத்தம் பண்ணாச் சரியாயிடும்."

"பாத்தீங்களா!" என்றேன் நான். "புதுசுல எப்புடி ஒட்டும்? யாரோ கழட்டிப் போட்ட பழசு. எம் புள்ளைய ஏமாத்திப்புட்டான் கள்ளன்!"

"அண்ணே, வீட்டுல யாராச்சும் இந்தப் பக்கம் தொட்டீங்களா?"

"எம் மக கை படாமத்தான் மாட்டுனா. நான் எதுக்குத் தொடப் போறேன்?"

பொய் சொல்ல நினைத்துச் சொல்லவில்லை. சாமிக்கு முன் பொட்டு வைத்ததைத் தொட்டதாக என் மனம் எடுத்துக்கொள்ளவே இல்லை.

கடைக்கு வந்தவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் கையிலிருந்த சாமானைத் திருப்பி மேசையில் வைத்தார். அதைப் பார்த்ததும் நானாவின் முகம் மாறிவிட்டது.

"சாவிய வச்சிட்டுப் போ தம்பி" என்றார் மஸ்கெலியாக்காரரிடம். "கொழும்புக்கு அனுப்பி விசாரிக்கிறேன். பழசுன்னு சொன்னா இனிமே வராத. கடப் பேரு போனா எனக்கு ஒன்னும் மிஞ்சாது."

அவர் சாவியை வைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கினார். நானா என்னிடம், புது ப்ரோசசர் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஜெயித்தவன்போல் பஸ் ஏறினேன்.

ஜன்னலோரம் வேர்த்தது. நெற்றியைத் துடைத்தேன். காய்ந்த சந்தனம் பொருக்காக விரலில் வந்தது. அதைச் சட்டையில் துடைக்கப் போன கை அப்படியே நின்றது. பொன் புள்ளிகள்மேல் வைத்தால் இந்த நிறம் கண்ணுக்கே தெரியாது. அவர் முகர்ந்து பார்த்தது, பிறகு என் நெற்றியைப் பார்த்தது, எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. கள்ளனைக் காட்டு என்று கேட்டேன். ஆத்தா காட்டிவிட்டாள்.

அப்போதும் என் புத்தி சும்மா இருக்கவில்லை. அவ்வளவு சின்னச் சொட்டு எட்டைக் குறைக்குமா? அது வேறு ஏதாவதாக இருந்தால்? பேசாமல் இருந்தால் புது ப்ரோசசரே வந்துவிடுமே, யாருக்குத் தெரியப் போகிறது? அடுத்த ஊரான டிக்கோயா வரும்வரை இப்படித்தான் ஓடியது. அங்கே இறங்கிவிட்டேன். திரும்பிப் போகிற பஸ்ஸுக்காக நிற்கவில்லை. நின்றால் மனசு மாறிவிடும் என்று என்மேலேயே எனக்கு நம்பிக்கை இல்லை. தூறலில் ஹட்டனுக்கு நடந்தேன்.

கடையில் அப்போது வேறு மூன்று பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே சொன்னேன்.

"நானா, அது சந்தனம். நான்தான் சாமிக்கு முன்ன வச்சுப் பொட்டு வச்சேன். அந்தத் தம்பிமேல ஒரு குத்தமும் இல்ல."

நானா பில் புத்தகத்தை மூடி வைத்தார். "பொட்டா? ப்ரோசசருக்கா?" வந்திருந்த ஒருவர் சிரித்தார். நானா சிரிக்கவில்லை. "அந்த மனுசன அத்தன பேரு முன்னால அனுப்பிட்டேனே! நீங்க கத்துன கத்துல நானும் யோசிக்காமப் போயிட்டேன்."

நானா அவருக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தார். அந்தத் தம்பியின் ஃபோன் அணைந்திருந்தது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். அடுத்த மஸ்கெலியா பஸ் இன்னும் புறப்படவில்லை. இவ்வளவு நேரமும் போன பஸ்களை விட்டுவிட்டு, கடைசிக்கு முந்தின சீட்டில், குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எறங்குங்க. நானா கூப்புடுறாரு."

"எதுக்கு?"

"அது சந்தனம். நான்தான் வச்சேன்."

"தெரியும்ணே. மணத்துச்சு."

"தெரிஞ்சுமா வாயத் தொறக்காம வந்தீங்க?"

"தொறந்து? தன் களவ மறைக்கச் சாமி மேல பழி போடுறான்னு நீங்களே சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். அந்த நேரத்தில் கட்டாயம் அதைத்தான் சொல்லியிருப்பேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்.

"நானாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் தம்பி. கடைக்கு வந்திருந்தவங்க முன்னாலயே சொன்னேன்."

"காலைல இருந்தவங்க முன்னாலயா?"

"அவங்க போயிட்டாங்க. இவங்க வேற ஆளுங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்டக்டர் ஏறி மணி அடிக்கப் போகும்போதுதான் மறுபடி பேசினார்.

"சாமானத் திருப்பி வச்சாரே ஒருத்தர், அவரு எம் மூத்தவனோட ஸ்கூல் சேர். அவன் அவர்கிட்டத்தான் கணக்குப் படிக்கிறான்."

கண்டக்டர், "போறீங்களா எறங்குறீங்களா?" என்று கேட்டார். இருவரும் இறங்கினோம்.

கடையில் நானா சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தார். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, டீ வரவழைத்தார். மஸ்கெலியாக்காரர் டீயைத் தொடாமல் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பொன் புள்ளிகளைத் துடைத்து எடுத்தார். அது உட்காருகிற சாக்கெட் குழியையும் ஊதிச் சுத்தம் செய்தார். பூட்டித் திரையைப் போட்டார். பதினாறு. எனக்குக் காட்டவில்லை, நானாதான் திரையை என் பக்கம் திருப்பினார்.

"நானும் வெள்ளிக்கெழம பொட்டு வைக்கிறவந்தாண்ணே" என்றார் அவர். "வெளிப் பெட்டிமேல வைங்க. உள்ள வேணாம்."

அன்றிரவு வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மனைவி சாமி படத்துக்கு முன் போய் நின்றாள். மகள் நான் திருப்பிக் கொண்டுவந்த கொம்பியூட்டரைத் தொடவில்லை. "சேர்கிட்ட யாரு சொல்றது?" என்று கேட்டாள்.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு மஸ்கெலியாவில் அந்தச் சேருடைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். இடைவேளையில் சேர் வெளியே வந்தார். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். சந்தனம் வைத்ததையும், டிக்கோயாவில் இறங்கியதையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவரு அனுப்பினாரா ஒங்கள?"

"இல்ல சேர். அவருக்கு நான் வந்ததே தெரியாது."

"ம்" என்றார். மணி அடித்தது. "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று உள்ளே போனார்.

அந்த 'ம்' எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் நின்று, ஐயோ, இந்த மனிதரை எப்படி நம்ப வைப்பேன் தாயே என்று கேட்டேன். சத்தியம் செய்தால் இன்னும் சந்தேகப்படுவார். வேலையை விட்டு அனுப்பிய முதலாளியே வந்து சொன்னால் நம்புவார் என்று, அடுத்த வாரம் நானாவின் காலைப் பிடிக்காத குறையாகக் கடையைச் சாத்தச் சொல்லி, நானாவையும் கூட்டிக்கொண்டு மஸ்கெலியா பஸ் ஏறினேன்.